வேலிக்கு வெளியே செண்டுடோக்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் போய் அம்புரோஸ் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். காட்டுப்பூ அம்புரோஸ் என்று கேட்டால் தெருவில் கோலிக்குண்டு ஆடும் பிள்ளைகூடக் கை காட்டும். அந்தப் பெயரை வைத்தவர்கள் சிரிப்பதற்காக வைத்தார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை.

அம்புரோஸ் தண்டவாளக் கூலி. பன்னிரண்டு பேர் கொண்ட கேங்கில் ஒருவன். கட்டை மாற்றுவது, சல்லி இடித்து நிரப்புவது, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அளவுகோலை வைத்து நூல் பிசகாமல் பார்ப்பது, கரையில் முளைக்கிற காட்டை வெட்டித் தள்ளுவது, இதுதான் ஆண்டு முழுக்க வேலை. அளவு பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று மேஸ்திரியே சொல்வார். குடிக்கமாட்டான், சண்டைக்குப் போகமாட்டான். எதையும் ஒழுங்காக, முறையாக, எல்லோரும் வந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்று நினைக்கிற சுபாவம் மட்டும் உண்டு. அந்தச் சுபாவந்தான் அவனைக் கெடுத்தது.

1920இல், மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் மனைவி சாந்தமேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. வேதக்காரர் வீட்டில் பிள்ளை பிறந்தால் சட்டுபுட்டென்று கோயிலுக்குத் தூக்கிப் போய் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். அம்புரோஸ் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கலாம் என்றான். சாந்தமேரியின் அண்ணன் ரபேல்தான் ஞானத்தகப்பன். அவனோ கிள்ளானுக்கு அப்பால் மேரு என்கிற ஊரில், கித்தா என்கிற ரப்பர் எஸ்டேட்டில் களையெடுப்புக் கங்காணி. ஞாயிறு அன்றுதான் அவனுக்கு ஓய்வு. தாய்மாமன் கையில் பிள்ளை இல்லாமல் என்ன ஞானஸ்நானம் என்பது அம்புரோஸின் கட்சி.

வெள்ளிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு இழுப்பு வந்தது. ஆபத்து வேளையில் சாமியார் வேண்டியதில்லை, வீட்டில் யார் வேண்டுமானாலும் நெற்றியில் தண்ணீர் ஊற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னால் ஞானஸ்நானம் ஆகிவிடும். சின்ன வயதில் ஞானோபதேசம் படித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அம்புரோஸுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவன் புத்தி எங்கே போயிற்றோ, சாமியாரைக் கூட்டிவரச் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். சாமியாரோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாந்தமேரி அழவில்லை. கணவனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"நம்ம வீட்ல தண்ணி இல்லாமயா போச்சு?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஆனால் அன்றைக்கு மூடிய வாய் அந்த விஷயத்தில் பத்து வருடம் திறக்கவில்லை. அடித்திருந்தால்கூட அம்புரோஸ் தாங்கியிருப்பான்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மோட்சத்தில் இடமில்லை என்பது அந்தக் காலத்துப் போதனை. மந்திரித்த மண்ணிலும் இடமில்லை. கல்லறைத் தோட்டத்தின் செடிவேலிக்கு வெளியே, ஓடைக்கு மேட்டில், நீளவாக்கில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்கள். சிலுவை நடக்கூடாது, பேர் எழுதக்கூடாது, கோயில் புத்தகத்திலும் பதியமாட்டார்கள். பிரசவ அறையிலிருந்து சாந்தமேரி வெளியே வரக்கூடாத நாள். அம்புரோஸும் குழிவெட்டும் கிழவரும் மட்டும் போனார்கள். ஒரு சவுக்காரப் பெட்டி, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி, அவ்வளவுதான். பிள்ளைக்குப் பேர்கூட வைத்திருக்கவில்லை.

சாமியார் கெட்டவர் அல்ல. பிரெஞ்சுக்காரர், பாண்டிச்சேரியில் பழகிய தமிழ். வேலிக்கு உள்பக்கமாக வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசிவரை நின்றார். அம்புரோஸ் அவரிடம் கேட்டான்.

"சாமி, சிலுவைதான் வைக்கக்கூடாது. ஒரு செடியாச்சும் வைக்கலாமா?"

"செடிக்குச் சட்டம் ஒன்றும் இல்லை அம்புரோஸ்" என்றார் அவர்.

மோட்சத்தில் இடமில்லாத பிள்ளைக்குப் பூமியிலாவது இது உன் இடம் என்று ஒன்று இருக்க வேண்டும், அதைத் தான் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். அம்புரோஸ் தனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். வேறு எதைச் சரிக்கட்டவும் அவனால் முடியாது.

முதலில் கனகாம்பரம் வைத்தான். ஆடு மேய்ந்தது. செவந்தி வைத்தான். ஒரு பருவம் பூத்துவிட்டு மாண்டது. ரோஜாக் குச்சி ஓடை ஈரத்தில் அழுகியது. மேடு அதற்குள் மழையில் கரைந்து பாதியாகிவிட்டது. அந்தக் கவலையோடு ஒருநாள் ரயில் கரையில் கத்தி வீசிக்கொண்டிருந்தபோது அவன் கண் செண்டுடோக்கில் நின்றது. மலாய்க்காரர்கள் வைத்த பேர். ஐந்து இதழில் கத்தரிப்பூ நிறத்தில் பூக்கும். இலை சொரசொரவென்று இருக்கும். காய் பழுத்து வெடித்தால் உள்ளே கருநீலச் சதை. மலாய்ப் பிள்ளைகள் தின்றுவிட்டு நாக்கை நீட்டி ஒன்றையொன்று பயமுறுத்தும். கேங்காரர்களுக்கு அது சனியன். எத்தனை தடவை வெட்டினாலும் அடிவேரிலிருந்து மறுபடியும் துளிர்த்து நிற்கும். ஏழெட்டு வருடமாக அம்புரோஸ் திட்டிக்கொண்டே வெட்டிய செடி அது. சாகத் தெரியாத செடி இருக்கும்போது நான் ஏன் ரோஜாவைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று அவனுக்குத் தோன்றியது.

சாகத் தெரியாத செடிக்கு இடம் மாறத் தெரியவில்லை. பெரிய செடியாகப் பார்த்துத் தோண்டிக்கொண்டுபோய் வைத்தான், நாலே நாளில் கருகிவிட்டது. அடுத்து இளஞ்செடி வைத்து, பாசத்தில் மாட்டுச் சாணம் கொட்டினான். அதுவும் போயிற்று. வளமான மண்ணைக் கண்டாலே அதற்கு ஆகாது என்பது பிறகுதான் புரிந்தது. மூன்றாவது தடவை, கரையில் இருந்த மஞ்சள் களிமண்ணோடு சேர்த்து ஒரு சாண் கன்றை அப்படியே பெயர்த்தான். வெயில் தாழ்ந்த பிறகு வைத்தான். சுற்றிலும் பெரணி இலையைச் செருகி நிழல் கொடுத்தான். எரு ஒரு பிடிகூடப் போடவில்லை. அது பிடித்துக்கொண்டது. ஒன்றரை வருடத்தில் இடுப்பு உயரம் வந்து பூத்தது.

முதல் பூவைப் பறித்துக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். அந்தப் பூ ஒரு நாளைக்கு மேல் தாங்காது, பறித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வீட்டுக்கு வந்து பிரித்தபோது கசங்கிய ஊதாத் துணிபோலக் கிடந்தது. சாந்தமேரி அதைப் பார்த்தாள். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அவளாகக் கேட்டால் கூட்டிப்போகலாம் என்று அவன் இருந்தான். அவனாகக் கூப்பிட்டால் போகலாம் என்று அவள் இருந்தாளோ என்னவோ, யார் கண்டது. இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு வருடக்கணக்கில் இப்படி இருந்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் நேரே அங்கே போய்விடுவான். கோரைப்புல்லையும் லாலாங் புல்லையும் மட்டும் பிடுங்குவான். மற்றதையெல்லாம் அதன் போக்கில் விட்டான். பெரணி வந்தது, தொட்டாற்சிணுங்கி படர்ந்தது. காலையில் கருவண்டுகள் வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பையே உதறி ரீங்காரம் போடும். முதுகில் மட்டும் ரத்தச் சிவப்பாக, கட்டைவிரல் பருமனில் ஒரு குருவி, வெடித்த பழத்தைக் கொத்த ஜோடியாக வரும். பின்னால் கொண்டைக்குருவிகள் வரும். இலையைப் புழு தின்றால் அவன் நசுக்கமாட்டான், பட்டாம்பூச்சி ஆகட்டும் என்று விடுவான். பழம் தின்ற குருவிகள் எச்சம் போட்ட இடமெல்லாம் சின்னச் சின்னக் கன்றுகள் முளைத்தன. அவற்றையும் விட்டுவைத்தான். மனிதர்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைக்கு இவையாவது வந்து துணையிருக்கட்டும் என்று நினைத்தான். அங்கே உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரம்தான் வாரத்தில் அவன் நெஞ்சு கொஞ்சம் இளகும். கேங்காரன் ஒருவன் ஒருநாள் அவன் பையில் அந்தச் செடியின் குச்சியைப் பார்த்துவிட்டுப் பரப்பியதுதான் காட்டுப்பூ என்கிற பேர்.

1926 கடைசியில் வந்த பெருவெள்ளத்தைக் கோலாலம்பூர் மறக்காது. ஓடை கல்லறைத் தோட்டம் வரை ஏறியது. வடிந்த பிறகு பார்த்தால் பழைய செடிவேலி இல்லை, மேடு பள்ளம் எதுவும் இல்லை, எல்லாம் முழங்கால் சேறு. குழி வெட்டிய கிழவரும் அதற்கு முன் வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்புரோஸ் அந்தச் சேற்றில் பைத்தியம் பிடித்தவன்போல அலைந்தான். மூன்றாவது வாரம் சேற்றைப் பிளந்துகொண்டு மொட்டை அடியிலிருந்து நாலு துளிர் வந்திருந்தது. தாய்ச்செடிதான், சந்தேகமே இல்லை. அவன் மண்டியிட்டுச் சேற்றோடு சேர்த்து அதைக் கட்டிக்கொண்டான்.

அன்றைக்காவது அளந்து வைத்திருக்கலாம். கோயில் சுவரிலிருந்து எத்தனை அடி, ஓடையோர மாமரத்திலிருந்து எத்தனை அடி என்று நூல் பிடித்திருக்கலாம். பொழுது விடிந்தால் அளவுகோலும் கையுமாக நிற்கிற மனிதன். ஆனால் வெள்ளத்துக்கே சாகாத செடி நிற்கும்போது அளவு எதற்கு? புதிதாக முள்கம்பி வேலி வேறு இடத்தில் போட்டார்கள். அதையும் அவன் பொருட்படுத்தவில்லை.

1928 அக்டோபரில் அவன் கேங்கைக் கிள்ளான் பக்கம் ஒரு பால வேலைக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வந்தது, அவனால் வர முடியவில்லை. வேதக்காரர்கள் வருடத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் கல்லறையைத் துப்புரவு செய்து, வெள்ளை மணல் பரப்பி, பூவும் மெழுகுவத்தியும் வைப்பார்கள். மச்சான் ரபேலுக்கு எட்டு வருடமாக ஒரு முள் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. தனக்காகக் காத்திருந்துதானே அந்தப் பிள்ளை அப்படிப் போயிற்று? இந்த வருடம் மாப்பிள்ளையும் ஊரில் இல்லை, பிள்ளை கிடக்கும் இடத்தை யார் பார்ப்பது என்று அவனுக்குத் தோன்றியது. எஸ்டேட்டில் தன் கையாட்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு ரயில் ஏறினான்.

நவம்பர் நடுவில் அம்புரோஸ் பெட்டியோடு கிள்ளான் ஸ்டேஷனில் நின்றபோது, ரபேலே வந்து அவனைப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் சந்தோஷம்.

"மாப்பிள, போய்ப் பாரு. பாப்பா எடம் என்னமா இருக்கு தெரியுமா! காடா கெடந்துச்சு. நீ தனியாளு, என்னதான் பண்ணுவே? அந்த ஓரம் பூரா நம்ம ஆளுங்க ஒரே நாள்ல முடிச்சிட்டானுங்க."

அம்புரோஸ் பெட்டியைக் கீழே வைத்தான். "என்ன மச்சான் முடிச்சீங்க?"

"களைய எடுத்தோம். சும்மா மேல வெட்டிப் போடல. எஸ்டேட்டு வேல மாரி, மண்வெட்டி போட்டு ஆழமா கொத்தி, வேரோட. தொர வந்து பாத்தாக்கூட ஒரு குச்சி இருக்காது. அப்பறம் மட்டம் பண்ணி, ஆத்து மணல் கொட்டி வச்சிருக்கேன்."

"அங்க ஒரு பெரிய செண்டுடோக் இருந்துச்சே."

"எது? அந்த ஊதாப் பூவா? அது முப்பது நாப்பது இருந்துச்சு மாப்பிள. சனியன், அத விட்டா திரும்பி மொளைக்கும்லா. அதான் ஒண்ணு விடாம தோண்டி, மொத்தமா போட்டுக் கொளுத்திட்டோம்."

"பெருசு எந்த எடத்துல இருந்துச்சு மச்சான்? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

ரபேல் விழித்தான். பெரிசு சிறிசு என்று பார்த்துக் களையெடுக்கிற வழக்கம் எந்த எஸ்டேட்டில் இருக்கிறது? ஒரு புல் தப்பினால் கங்காணிக்குத் திட்டு விழும், கூலிக்காரனுக்கு அன்றைய பேரை வெட்டிக் கூலியைப் பிடித்துவிடுவார்கள். அவன் இருபது வருடம் படித்த படிப்பு அது ஒன்றுதான். அந்தப் படிப்பு முழுவதையும் அன்பாகக் கொட்டிவிட்டு வந்திருந்தான். அம்புரோஸ் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"நல்லது மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரயில் ஏறினான்.

போய்ப் பார்த்தான். நீளத்துக்கும் ஒரே வெள்ளை மணல். அதன்மேல் கால்தடம் பதித்து நடந்து பார்த்தான். இங்கேயா? இன்னும் நாலு எட்டு தள்ளியா? வெள்ளத்தில் வேர் அரித்த மாமரம் பிறகு சாய்ந்து போனதே அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பழைய வேலி எந்த வரிசையில் போனது என்று யோசித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் போனது. ஓடையைப் பார்த்து உட்கார்ந்தபோது இடதுகை பக்கம் குருவி வந்து உட்காருமே, அப்படி என்றால் இங்கே. ஆனால் குருவி உட்கார்ந்தது செடியில்தானே, இப்போது செடி எங்கே? மணலைக் கையால் விலக்கிக் கீழே மண்ணைக் கிளறினான். எங்கும் கொத்திய மண்தான். எந்த இடமும் மற்ற இடத்தைப்போலவே இருந்தது. பிள்ளையை இரண்டாவது தடவை பறிகொடுத்தவனாக அங்கேயே விழுந்து கிடந்தான். முதல் தடவையாவது கையில் பெட்டி இருந்தது.

வேரில் ஒரு துண்டாவது தங்கியிருக்காதா என்கிற நப்பாசையில் வாரம் தவறாமல் போனான். மறு வருடம், மணல் மழையில் கரைந்த பிறகு, ஒரு மூலையில் சொரசொரப்பாக இரண்டு இலை தெரிந்தது. அம்புரோஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய அடிவேர் என்றால் தடியாக இருக்கும். விரலால் பக்கத்து மண்ணை மெல்ல விலக்கிப் பார்த்தான். நூல் மாதிரி வேர். விதையில் முளைத்த கன்று. அடுத்த வாரம் அதற்கு இரண்டு கஜம் தள்ளி இன்னொன்று. பிறகு ஐந்து, பத்து என்று துண்டு நிலம் முழுவதும் தலைகாட்டின. ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் நூல் வேர்தான். குருவிகள் அத்தனை வருடமாகத் தின்று விதைத்து வைத்தவை. தாய்ச்செடி போனது போனதுதான். பிடுங்கி எறியவும் மனம் வரவில்லை. எதைப் பிடுங்கினாலும் பாப்பாவின் மேல் நிற்பதாக இருந்துவிட்டால்?

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ரபேலிடம் சொன்னால் அவன் தூக்குமாட்டிக்கொள்வான். சாந்தமேரியிடம் சொல்ல வேண்டிய அவசியம் வராது என்று இருந்தான்.

1930இல் கல்லறைத் திருநாளன்று, மதியச் சோறு முடிந்து அவன் சட்டையை மாட்டும்போது, சாந்தமேரி கதவுப் பக்கம் வந்து நின்றாள். தலைவாரி, கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள்.

"இன்னைக்கு நானும் வரேன்."

"எங்க?"

"பாப்பாகிட்ட."

பத்து வருடமாக அந்த ஒரு சொல்லுக்காக அவன் காத்திருந்தான். இரண்டு வருடம் முன்னால் கேட்டிருந்தால் தரையில் விழுந்து கும்பிட்டிருப்பான். வழியெல்லாம் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரோட்டில் ஒருமுறை நின்றேவிட்டான். "என்னாங்க?" என்று அவள் திரும்பியபோது, கல்லு குத்திருச்சு என்று சொல்லிச் செருப்பை உதறினான். அவள் முகம் அப்படி இருந்தது. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிற முகம். அதைக் கலைக்கும் தைரியம் அவனுக்கு இல்லை.

கம்பிவேலியைத் தாண்டினார்கள். செருப்பைக் கழற்றி வைத்தார்கள். இடுப்பு உயரத்துக்குச் செண்டுடோக் வளர்ந்து, நீளத்துக்கும் பூத்து நின்றது. சிவப்பு முதுகுக் குருவிகள் ஆளைக் கண்டு எழும்பிப் பறந்தன. சாந்தமேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத்தனையும் நீங்க வச்சதா?"

"ஒண்ணுதான் வச்சேன். மத்தது குருவி வச்சது."

"பாப்பா எதுல இருக்கு?"

அம்புரோஸ் ஒரு செடியைக் காட்டினான். நிறையப் பூத்திருந்தது என்பதைத் தவிர அதைக் காட்டுவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. காட்டிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் போய் அதன் கீழே உட்கார்ந்தாள். கிளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தரையைத் தடவிக்கொண்டு, பேச ஆரம்பித்தாள். பால் கட்டி நெஞ்சு வலித்ததைச் சொன்னாள். அப்பா மேல் கோபமாக இருந்ததைச் சொன்னாள். அந்த வாரமே தான் மனசுக்குள் வைத்த பேர் ரோசலின் என்று சொன்னாள். அம்புரோஸ் அந்தப் பேரை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டான். பத்து வருடம் பேசாததை எல்லாம் பேசி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கொண்டுவந்த மெழுகுவத்தியைச் செடியின் தூரில் ஏற்றி வைத்தாள். எந்தப் பாவப்பட்டவர் பெற்ற பிள்ளை அந்த மண்ணுக்குக் கீழே இருந்ததோ, அல்லது ஒன்றுமே இல்லையோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.

எழுந்தபோது அவள் முகம் கழுவிவிட்டதுபோல இருந்தது.

"நல்ல எடமாத்தான் வச்சிருக்கீங்க. நான்தான் பாவி, இத்தன வருசம் வராம இருந்துட்டேன். இனிமே ஞாயித்துக்கிழம தவறாம ரெண்டு பேரும் வருவோம்" என்றாள்.

"சரி" என்றான் அவன்.

அவள் சேலையைத் தட்டிக்கொண்டு வேலிப் பக்கம் நடந்து போய்விட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான். வரும்போது எந்த வழியாக வந்தோம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. வலப்பக்கம் இரண்டு கன்று, இடப்பக்கம் ஒன்று, முன்னால் வெறும் மண். பிள்ளை இதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அவன் நிற்கிற இடத்திலேயே இருக்கலாம்.

"வாங்க, போவோம்" என்று அவள் கூப்பிட்டாள்.

தூக்கிய காலை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.